அக்கா மகளின் காது குத்துக்குச் சித்தியாகவா, மாமாவாகவா?

கேள்வி இதுதான்: "வயது 27. ஜெர்மனிக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம். இங்கே வேலை செய்து வசிக்கும் அனுமதியான ப்ளூ கார்டு, இந்தியப் பாஸ்போர்ட். நான்கு மாதமாக டெஸ்டோஸ்டிரோன் ஜெல் தடவுகிறேன். ஊரில் யாருக்கும் தெரியாது. அக்கா மகளுக்கு இன்னும் ஐந்து மாதத்தில் காது குத்து. போகாமல் இருக்க முடியாது. இங்கே பெயரை மாற்றிக்கொண்டு போவதா, வீட்டில் சொல்லிவிட்டு மாற்றுவதா, இல்லை இந்த ஒரு தடவை சமாளித்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?"

அந்தக் கடைசி வழி ஏற்கெனவே அடைபட்டுவிட்டது, தம்பி. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நானும் திருநம்பிதான், பிறந்தபோது பெண் என்று எழுதப்பட்டு ஆணாக வாழ்கிறவன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே நாட்டில், இதே மாதிரி ஊரை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு தொடங்கியவன். இங்கே ஒரு வாழ்க்கை, அங்கே ஒரு வாழ்க்கை, நடுவில் விமானம். இங்கே எல்லாம் முடிந்ததும் அங்கே நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். காகித வேலையைத் தள்ளிப்போடலாம், வீட்டுப் பேச்சையும் தள்ளிப்போடலாம். உடம்பைத் தள்ளிப்போட முடியாது. இரண்டு ஊருக்கும் அது ஒன்றுதான் இருக்கிறது.

டெஸ்டோஸ்டிரோன் ஆண் ஹார்மோன். அதைத் தொடங்கினால் குரல் மாற்றம் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கிவிடும். முழுதாக நிலைக்க ஒன்று இரண்டு வருடம் ஆகும். மாதவிடாய் நிற்பதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். முகத்தில் முடி ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் எட்டிப் பார்க்கும், சரியான தாடி சேர ஐந்து வருடம்கூட ஆகலாம். காது குத்து வரும்போது உங்களுக்கு ஒன்பதாவது மாதம் நடக்கும். ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு என்றாலும், அதற்குள் குரல் உடைந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மருந்தை நிறுத்தினாலும் உடைந்த குரல் பழையபடி ஆகாது. நீங்கள் ஊருக்குப் போகாவிட்டாலும் அது வாட்ஸ்ஆப்பில் போய்விடும்.

எங்கம்மா முதலில் சளி என்றார். பிறகு அந்த ஊர்க் குளிர் என்றார். சுக்கு, மிளகு, திப்பிலி பொடித்துப் பார்சல் அனுப்பினார். நானும் வாங்கிக் குடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்து "அம்மா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "யாருங்க பேசறது?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும் நான் யோசித்து வைத்திருந்த வரிசையில் வரவில்லை. உங்களுக்கு அந்த வரிசை இன்னும் கையில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இரண்டாவது விஷயம். உங்கள் கேள்வி முழுக்க "இங்கே முடியும், அங்கே முடியாது" என்கிற தொனி இருக்கிறது. எனக்கும் இருந்தது. வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் அது அவ்வளவு நேராக இல்லை. தமிழ்நாடு 2008 ஏப்ரலில் திருநங்கையர் நல வாரியம் அமைத்தது. அந்த வருடம் ஜெர்மனியில் சட்டப்படி பாலினப் பதிவை மாற்ற வேண்டுமென்றால் அறுவை சிகிச்சை செய்து, பிள்ளை பெற முடியாதபடி ஆகியிருக்க வேண்டும். 1981இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. அரசியல் சாசன நீதிமன்றம் அந்த நிபந்தனையை 2011 ஜனவரியில்தான் தூக்கியது. இன்றைக்குப் பதிவு அலுவலகத்தில் போய்ச் சொன்னால் போதும் என்ற நிலை 2024 நவம்பர் 1இல் வந்தது. உங்கள் சக ஊழியர்கள் இதை ஏதோ தாத்தா காலத்திலிருந்து இருக்கிற பழக்கம் மாதிரி பேசினால் நம்பாதீர்கள்.

ஆனால் ஊரில் இருக்கிற இடம் திருநங்கைகளுக்குக் கிடைத்த இடம். கூவாகம் இருக்கிறது, அரவான் கதை இருக்கிறது, திருநங்கைகள் சேர்ந்து வாழும் ஜமாத் இருக்கிறது, அதற்கொரு குரு இருக்கிறார், மரியாதையான சொல் இருக்கிறது. 2019இல் நர்த்தகி நடராஜுக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததை உங்கள் அப்பாவே பேப்பரில் படித்திருப்பார். அவமானமும் அடியும் அதே ஊரில்தான் நடக்கிறது, அதை மறைக்கவில்லை. இருந்தாலும் அப்படி ஒருவர் உலகத்தில் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். நமக்கு அந்தத் தெரிதலே இல்லை. நான் சொன்னபோது எங்கம்மா கேட்டது இதுதான்: "அது ஆம்பளப் புள்ளைங்கதானே அப்படி ஆவாங்க?" அவருக்குக் கோபம்கூட வரவில்லை, கோபப்பட ஒரு உருவம் வேண்டுமே. உருவம் இல்லாத இடத்தில் அவர் கையில் கிடைத்த விளக்கம், "வெளிநாடு போய்க் கெட்டுப் போச்சு" என்பது. உங்கள் வீட்டிலும் இதுதான் முதலில் வரும். அதற்குப் பதிலாக ஜெர்மன் சட்டத்தைப் பற்றிப் பேசினால் அவர்கள் சொன்னதை நீங்களே உறுதிப்படுத்துகிற மாதிரி ஆகிவிடும். ஊர்ச் சரக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திருநம்பி என்ற சொல் தமிழ்நாடு அரசே 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலில் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்த வழக்கின் தொடர்ச்சியாக வந்தது அது. அரசிதழ் என்றால் நம் அப்பாக்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அதைவிட உதவுவது நீங்கள் எட்டு வயதில் எப்படி இருந்தீர்கள் என்பது. பாவாடை போடச் சொன்னால் அழுதது, அண்ணன்மார்களோடு கிணற்றில் குதித்தது, எதுவோ அது. அம்மாவுக்கு உங்களைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். ஜெர்மனிக்கு முன்னாலேயே இது இருந்தது என்று உங்கள் வாயால் சொல்வதைவிட அவர் ஞாபகத்தில் அவரே கண்டுபிடிப்பது வேறு.

இப்போது மொழிக்கு வருகிறேன், ஏனென்றால் வீட்டில் முதல் சண்டை அங்கேதான் நடக்கும். தமிழில் "வந்தேன்" என்றால் வந்தவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. "வந்தாய்", "வந்தீங்க" என்றாலும் தெரியாது. இந்தி பேசும் நண்பர் ஒருவருக்கு இந்த வசதி இல்லை. "நான் போகிறேன்" என்று சொல்லும்போதே வினைச்சொல் ஆணா பெண்ணா என்று சொல்லிவிடும், அம்மாவிடம் பேசிய முதல் வாக்கியத்திலேயே எல்லாம் வெளியே வந்துவிட்டது என்றார். நமக்குச் சிக்கல் படர்க்கையில். உங்களைப் பற்றி இன்னொருவரிடம் பேசும்போதுதான் வந்தானா வந்தாளா என்று முடிவெடுக்க வேண்டும். அதாவது அம்மா உங்களோடு பேசும்போது நாக்குத் தடுமாறாது. பக்கத்து வீட்டு அத்தையிடம் உங்களைப் பற்றிப் பேசும்போதுதான் தடுமாறும். விளிக்கும்போது "என்னம்மா", "வாடி" என்பது மாறினால் போதும். அதற்கும் கண்ணு, தங்கம், சாமி என்று பொதுவான சொற்கள் நம்மிடம் கொட்டிக் கிடக்கின்றன.

எங்கம்மா கண்டுபிடித்த வழி எனக்கு முதலில் வலித்தது. "புள்ள வந்துருக்கு", "அது தூங்குது" என்று பேச ஆரம்பித்தார். தெருவில் நம்மை இழிவாகப் பேசுகிறவன் சொல்லும் அதே "அது". ஒரு தடவை கேட்டே விட்டேன். "நீ பொறந்ததுல இருந்து அப்படித்தானே சொல்றேன்" என்றார். யோசித்துப் பார்த்தால் உண்மை. எங்கள் பக்கம் பிள்ளைகளை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரே சொல், ஒருவர் வாயில் தாலாட்டு, இன்னொருவர் வாயில் செருப்பு. அம்மா அந்தச் சொல்லுக்குள் இரண்டு வருடம் தங்கியிருந்தார், அப்புறம் தானாக "அவன்" வந்தது. முதல் முறை வந்தது சிலிண்டர் போடுகிற ஆளிடம், "அவன் மேல இருக்கான், கூப்பிடறேன்" என்று. அவசரத்தில் வந்த வார்த்தை. நான் மாடியில் நின்று கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். "அவன் என்றே சொல்" என்று முதல் நாளிலேயே பிடிவாதம் பிடிக்க உங்களுக்கு உரிமை உண்டு. நான் பிடிக்கவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

உறவு முறை இதைவிடச் சிக்கல். ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ ஒரு சொல்லை மாற்றினால் போதும். நம்மிடம் முறையே மாறுகிறது. அக்கா பிள்ளைக்கு நீங்கள் சித்தி. சித்தி என்றால் இன்னொரு அம்மா, உங்கள் பிள்ளைகள் அவளுக்கு அண்ணன் தம்பி. நீங்கள் மாமா ஆனால் உங்கள் பிள்ளைகள் முறைப்பிள்ளைகள். அண்ணன் பிள்ளைக்கு இது அப்படியே தலைகீழ்: அத்தையாக இருந்தவர் சித்தப்பா ஆகிறார். எங்கள் பெரியம்மா ஒருவர் என் விஷயத்தை ஏற்றுக்கொண்ட பிறகும் இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் விரல் விட்டு எண்ணினார். சிரிப்பாக இருந்தது, ஆனால் எனக்கு அது நல்ல அறிகுறியாகப் பட்டது. வேண்டாதவனுக்கு யார் முறை பார்க்கிறார்கள்?

உங்கள் விஷயத்தில் இது வெறும் சொல் இல்லை. காது குத்தில் பிள்ளை உட்காருவது தாய்மாமன் மடியில். வீட்டில் இரண்டும் பெண் என்று ஊர் நினைத்துக்கொண்டிருப்பதால், இந்நேரம் சித்தப்பா மகனையோ பெரியம்மா மகனையோ மாமனாக நிறுத்தப் பேசியிருப்பார்கள். அவர் சீர்த் தட்டுக்கும் தோட்டுக்கும் பணம் எடுத்து வைத்திருப்பார். நீங்கள் வந்து இறங்கி "உண்மையில் மாமன் நான்தான்" என்றால் அவரையும் அவமதித்ததாகிவிடும், விழா முழுவதும் உங்களைச் சுற்றியே நடக்கும். குழந்தையின் நாள் அது.

ஆகவே முதலில் சொல்ல வேண்டியது அக்காவிடம். அம்மாவிடம் அல்ல, அப்பாவிடம் நிச்சயமாக அல்ல. அந்த மடி யாருடையது என்று முடிவெடுக்கும் உரிமை பிள்ளையைப் பெற்றவளுக்குத்தான். இந்த மாதமே சொல்லுங்கள், குரலில் தெரிவதற்கு முன்னால். வீடியோவில் பேசுங்கள்; தட்டச்சு செய்து அனுப்பினால் அடுத்த நிமிடம் அது குடும்பக் குழுவில் போய் நிற்கலாம். சொல்லிவிட்டு எதையும் கேட்காதீர்கள், குறிப்பாக மடியைக் கேட்காதீர்கள். அக்கா ஒரு வாரம் பேசாமல் இருக்கலாம். மூன்று நாளில் கூப்பிட்டு "மாமா என்று சொல்லிக் கொடுக்கவா?" என்று கேட்கவும் செய்யலாம், அப்படி நடந்த வீடு எனக்குத் தெரியும். அக்கா உங்கள் பக்கம் வந்துவிட்டால் அம்மாவிடம் எப்போது, எப்படி என்பதை அவரே பார்த்துக்கொள்வார். வரவில்லை என்றால் விழாவுக்குப் போவதையே திரும்ப யோசியுங்கள். டிக்கெட் பணம் போனால் போகட்டும்.

மடி என்றதும் ஒரு மருத்துவ விஷயம். இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், குழந்தையோடு இருக்கப்போகிறீர்கள் என்று மருத்துவருக்குத் தெரியாதே. டெஸ்டோஸ்டிரோன் ஜெல் தோலில் இருந்து தோலுக்கு ஒட்டும். தடவிய தோளில் குழந்தை கன்னத்தை வைத்துத் தூங்கினால் மருந்து அவளுக்கும் போகும். இப்படித் திரும்பத் திரும்பப் பட்ட சின்னக் குழந்தைகளுக்கு உரிய வயதுக்கு முன்பே பருவ மாற்றங்கள் தெரிந்ததால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் ஜெல்லின் மீது மிகக் கடுமையான எச்சரிக்கை போட வைத்தது. தடவியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, காய்ந்ததும் துணியால் மூடுவது, பிள்ளையைத் தூக்கும் முன் அந்த இடத்தைக் கழுவுவது, இவ்வளவும் செய்தால் பயமில்லை. ஆனால் விழா வீட்டில் பத்துப் பேர் ஒரே அறையில் உடை மாற்றும்போது இவ்வளவு ஒழுங்கு வருமா? மருத்துவரிடம் ஊசிக்கு மாற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். நீண்ட நாள் நிற்கும் ஊசி பொதுவாகப் பத்து முதல் பதினான்கு வாரத்துக்கு ஒன்று, முதல் இரண்டுக்கும் இடையில் மட்டும் ஆறு வாரம். இப்போதே தொடங்கினால் பயணம் இடைவெளிக்குள் விழும், பெட்டியில் மருந்தே இருக்காது, அத்தைமார் கையில் எதுவும் சிக்காது. எப்படியானாலும் போகும் முன் ரத்தப் பரிசோதனை ஒன்று முடித்துக்கொள்ளுங்கள்; சிவப்பணுக்களின் அளவு ஏறுகிறதா என்று முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம்.

மார்பை அமுக்கித் தட்டையாக்கும் உள்ளாடையான பைண்டர் போடுவீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே இலையுதிர்காலத்தில் எட்டு மணி நேரம் தாங்கியது, மே மாத மண்டபத்தில் ஹோமப் புகைக்கு நடுவே இரண்டு மணி நேரம் தாங்காது. நான் ஒரு கல்யாணத்தில் மயங்கி விழப் பார்த்து, வாழைக்குலை தொங்கிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு எண் பெரிய சட்டை, உள்ளே இறுக்கமான பனியன். போதும்.

இனி காகிதம். இங்கே பெயரையும் பாலினப் பதிவையும் மாற்ற உங்களுக்கு வழி உண்டு. ப்ளூ கார்டு வைத்திருப்பவரை 2024 சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பாலின விஷயத்தில் ஒருவருக்கு இயல்பாகப் பொருந்துவது அவருடைய குடியுரிமை நாட்டின் சட்டம், ஆனால் ஜெர்மனியில் வசிப்பவர் ஜெர்மன் சட்டத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். முதலில் பதிவு அலுவலகத்தில் முன்னறிவிப்பு. அதன் பிறகு மூன்று மாதம் காத்திருந்து நேரில் போய் உறுதிமொழி. முன்னறிவிப்புக் கொடுத்து ஆறு மாதத்துக்குள் போகாவிட்டால் அது செல்லாது. இந்த மூன்றுக்கும் ஆறுக்கும் நடுவில்தான் உங்கள் தீர்வு இருக்கிறது. இன்னும் இரண்டு மாதம் கழித்து முன்னறிவிப்புக் கொடுங்கள். காத்திருக்கும் மூன்று மாதம் முடியும் நேரத்தில் ஊரில் இருப்பீர்கள். திரும்பி வந்து உறுதிமொழி கொடுக்க இன்னும் மூன்று மாதம் இருக்கும். ஒருவேளை ஊரில் மனம் வேறு மாதிரி ஆனாலும், சும்மா விட்டால் அது தானாகக் காலாவதியாகிவிடும்.

போகும் முன்பே மாற்றாதீர்கள் என்று சொல்வதற்குக் காரணம் பாஸ்போர்ட். இங்கே மாற்றினால் இந்தியப் பாஸ்போர்ட் தானாக மாறாது. ஒரு கையில் ஒரு பெயர், இன்னொரு கையில் இன்னொரு பெயர் என்று நள்ளிரவு கவுண்டரில் நின்று விளக்கம் சொல்லும் நிலை வேண்டாம். இங்கிலாந்தில் பாலினப் பதிவை மாற்றிய ருமேனியக் குடிமகன் ஒருவர், ருமேனியா அதை ஏற்க மறுத்ததால் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போனார். 2024 அக்டோபரில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அது ஒன்றியத்துக்குள் உள்ள நாடுகளுக்குத்தான், நமக்கு உதவாது. இந்தியாவில், தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளலாம் என்ற கொள்கையை 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொன்னது. திருநர் உரிமைக்கான 2019 சட்டமும் 2020 விதிகளும் மாவட்ட ஆட்சியரிடம் பாலின அடையாளச் சான்றிதழ் வாங்கும் முறையைக் கொண்டுவந்தபோது, அந்த மாவட்டத்தில் தொடர்ந்து ஒரு வருடம் வசித்திருக்க வேண்டும் என்றன. ப்ராங்க்பர்ட்டில் இருப்பவன் திருச்சியில் எப்படி வசிப்பது? இந்த விதிகள் மாறக்கூடியவை என்பதால், பாஸ்போர்ட் வேலையைத் தொடங்கும் வாரத்தில் தூதரகத்துக்கு எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது கவுண்டரில் செல்லாது.

அதுவரை டிக்கெட் பழைய பெயரில்தான். விமான நிலையச் சோதனையில் நம் ஊரில் பெண்களுக்குத் திரை போட்ட தனி இடம் உண்டு, தெரியுமே. லேசாக மீசை அரும்பிய நிலையில் பெண் என்று போட்ட பாஸ்போர்ட்டோடு எந்த வரிசையில் நிற்பது? நான் பெண்கள் வரிசைப் பக்கம் போய், திரைக்கு வெளியே நின்று, அந்த அம்மாவிடம் பாஸ்போர்ட்டை நீட்டி "மேடம், நான் திருநம்பி, எங்கே நிற்கட்டும்?" என்றேன். அவர் என்னை ஒருமுறை, போட்டோவை ஒருமுறை பார்த்தார். "வாப்பா" என்றார். அதே வரிசையில் கத்தி அனுப்பிய நாளும் உண்டு. வழக்கமாக ஆகும் நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் போங்கள், மருத்துவரின் ஆங்கிலக் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும்.

கடைசியாக, கசப்பான பகுதி. பாஸ்போர்ட்டை அப்பாவின் பீரோவில் "பத்திரமாக" வைக்கக் கொடுக்காதீர்கள். திரும்பும் தேதி இங்கே ஒரு நண்பருக்குத் தெரிந்திருக்கட்டும். "மாப்பிள்ளை வீட்டார் சும்மா பார்க்க வருகிறார்கள்" என்ற பேச்சு எழுந்தால் அன்றைக்கே அக்கா வீட்டுக்குப் போய்விடுங்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போய்ச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால், இப்படி "மாற்றும்" சிகிச்சை தொழில் ஒழுங்கு மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே அறிவித்துவிட்டது என்று சொல்லுங்கள். அந்த மருத்துவரிடமே நேராகச் சொல்லலாம்.

அக்கா சரி என்று சொல்லி, சித்தப்பா மகனும் மனதார விட்டுக்கொடுத்து, உங்களையே உட்காரச் சொன்னால் என்ன செய்வது? அப்படியும் நடக்கலாம். அதற்கும் இப்போதே தயாராகுங்கள்: இங்கேயே கதவைச் சாத்திக்கொண்டு வேட்டி கட்டிப் பழகுங்கள். நமக்கு யாரும் சின்ன வயதில் சொல்லித் தரவில்லை, ஒட்டிக்கொள்ளும் வேட்டி இருந்தாலும் அதன் மேல் ஒரு பெல்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை உதைக்கிற உதையில் சாதாரண முடிச்சு நிற்காது.